அச்சம் விட்ட ஆட்டம்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டத்தில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பணம் படைத்தவனை எதிர்த்துப் பணமில்லாதவன் எப்படி நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் ஓர் ஆட்டக் குழுவைப் பற்றியே நாம் இன்று பேச வந்திருக்கிறோம்.

ஐரோப்பாவின் வடகோடியில், நார்வே நாட்டில், துருவ வட்டத்துக்கும் அப்பால் போடோ என்றொரு துறைமுக ஊர் உண்டு. ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அவ்வூரின் காற்பந்துக் குழு போடோ கிளிம்ட், 1916இல் தோன்றியது. வடக்கத்தியான் தெற்கத்தியானுக்குச் சமமாக ஆடமாட்டான் என்பது அந்நாட்டில் நெடுநாள் எண்ணம். 1963 வரை தேசியக் கிண்ணப் போட்டியில் வடபகுதிக் குழுக்களுக்கு இடமே இல்லை. முதல் பிரிவின் கதவு 1972இல்தான் திறந்தது. ஆனால் 1975இல் அதே கிண்ணத்தைப் போடோ வென்று வடக்கே கொண்டு சென்றது!

பின்னர் ஏற்றமும் இறக்கமும். 2016இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். 2017இல் மீண்டு வந்தார்கள். 2018 முதல் பயிற்சியாளர் ஷெட்டில் குனுட்சன். 2020இல் 30 ஆட்டங்களில் 103 கோல் அடித்து, முதன்முறையாக நாட்டின் லீக் பட்டத்தைப் பெற்றார்கள். அவ்வாண்டே இத்தாலியின் மிலான் குழுவிடம் அதன் திடலில் 3-2 என்று போராடித் தோற்றார்கள். அன்று கோல் போட்ட ஹாவுகே என்ற இளைஞரைச் சில நாளில் மிலானே விலைக்கு வாங்கிவிட்டது. நல்ல ஆளைக் காசு கொடுத்து இழுத்துக்கொள்வது பணக்காரன் வழக்கம். ஆயினும் 2021இல் பட்டம் மறுபடியும் போடோவுக்கே.

2021 அக்டோபர் 21. பேர்பெற்ற மொரின்யோ நடத்திய ரோமா குழு போடோவுக்கு வந்தது. முக்கிய ஆட்டக்காரர் பலருக்கு அவர் ஓய்வு கொடுத்திருந்தார்; அதையும் சொல்வதே நியாயம். இடைவேளையில் போடோ 2-1 என்று முன்னணி. எளியவன் அந்நேரம் என்ன செய்வான்? கிடைத்ததைக் கட்டிக்காக்கப் பின்வாங்குவான். இவர்களோ மேலும் முன்னேறினார்கள். எதிரியின் கோல் வாசலுக்கே போய்ப் பந்தைப் பறித்தார்கள். இன்னும் நான்கு கோல்கள்! முடிவு 6-1. மொரின்யோவின் குழு ஒன்று ஓர் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது அதுவே முதன்முறை. இரண்டு வாரம் கழித்து ரோமாபுரியிலேயே 2-2 என்று சமன் செய்தார்கள்.

தோழர்களே, இந்தத் துணிவு பிறவியில் வந்ததா? இல்லை, பழகி வந்தது. விமானப்படையில் போர் விமானம் ஓட்டிய மான்ஸ்வெர்க் என்பவர் 2017 முதல் அவர்கள் மனத்தைப் பழக்கினார். வெற்றி தோல்வியை எண்ணிக்கொண்டு ஆடாதே, செய்ய வேண்டிய வேலையைச் செம்மையாகச் செய் என்பதே பாடம். எதிரி கோல் போட்டால் ஆட்டக்காரர் வட்டமாகக் கூடுகிறார்கள். குற்றம் யாருடையது என்று தேடுவதில்லை. அடுத்துச் செய்வதைப் பேசிவிட்டுக் கலைகிறார்கள். தவறினால் தனியே விடப்படமாட்டோம் என்று அறிந்தவனே அஞ்சாமல் முன்னே ஓடுவான்.

இவ்வழியில் அடியும் விழும். 2022 ஏப்ரலில் ரோமா 4-0 என்று அவர்களைத் திருப்பியடித்தது. அதற்காகப் போடோ தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2025இல் அதே நகரின் லாட்சியோவை வென்று, ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதிக்கு வந்த முதல் நார்வே குழு என்ற பெயர் பெற்றது. அங்கே இங்கிலாந்தின் டோட்டன்ஹாமிடம் தோற்றது என்பதும் உண்மை.

மாலையில் திடலில் இறங்கும் நம் பிள்ளைகள், பட்டணத்துக் குழுவின் புதுச் சப்பாத்தைப் பார்த்தே பாதி தோற்றுவிடுகிறார்கள். ஆபீஸ் வாசலில் நியாயம் கேட்கப் போகும் நம்மில் சிலரும் அப்படித்தான். முன்னே போகிறவனை நாம் குறை சொல்லாமல் இருக்கிறோமா? அவன் விட்டுச் சென்ற இடத்தில் நாம் நிற்கிறோமா? முதலில் அதைச் சரிசெய்வோம். துணிவு தானே வரும்.