மடிக்கணினிக்குப் பணம் கொடுக்கும் முன் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்

(மயிலத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு மடிக்கணினிதான். சேமிப்பை எடுத்தோ, நகையை விற்றோ, அறக்கட்டளையின் உதவி பெற்றோ வாங்குகிறோம். படிப்பு முடியும்வரை அது உழைக்க வேண்டும். உதவிப் பணத்தில் வாங்கினால் அது அமானிதமும்கூட.

லினக்ஸ் நமக்குப் புதியதல்ல. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம் விழுப்புரத்திலும் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறது.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப் அல்லது அதற்குப் பிந்தியது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. லினக்ஸுக்கு அவை தாராளம். சிப்பின் பெயரில் ஐ5-7200யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7தான் தலைமுறை.

என் கருத்தைக் கேட்டால், விலை குறைந்த புதுக் கணினியைவிட அலுவலகத்தில் ஓடிய திங்க்பேட் அல்லது டெல் லாட்டிடியூட் மேல். கட்டுமானம் உறுதி, உதிரிப்பாகம் கிடைக்கும், லினக்ஸும் அவற்றில் பொதுவாகத் தகராறு செய்வதில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தகராறு வருவது பெரும்பாலும் வைஃபை சிப்பில். இன்டெல் சிப் என்றால் கவலையில்லை. பிராட்காம் சிப்புகள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்! அந்த நேரத்தில் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து நெட் கொடுத்துச் சமாளிக்கலாம். என்விடியா கிராபிக்ஸ் தனியாக உள்ள கணினிக்கும் கூடுதல் வேலை உண்டு. படிப்புக்கு அது தேவையில்லை என்றால் தவிர்த்துவிடுங்கள். கைரேகை வைக்கும் வசதி பல மாடல்களில் லினக்ஸில் ஓடாது. அது பெரிய குறையல்ல.

இதையெல்லாம் கடைக்காரர் வாயால் கேட்டு நம்ப வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவ் போதும். கணினியை ஆன் செய்ததும் டெல், லெனோவாவில் எஃப்12 விசையைத் தட்டி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் எதையும் அழிக்காமல் லினக்ஸ் ஓடும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணையுங்கள். பாட்டோ பயானோ ஒன்றை ஓடவிட்டு ஒலியைக் கேளுங்கள். கேமரா, எல்லா யுஎஸ்பி துளைகள், வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்பது முக்கியம், பலர் இதைப் பார்ப்பதில்லை. பேட்டரி புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்பதையும் லினக்ஸே காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அலுவலகக் கணினியில் பயாஸ் கடவுச்சொல் பூட்டு இருக்கலாம். திறந்து காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

"விண்டோஸ் சும்மா போட்டுத் தருகிறேன்" என்பார்கள். உரிமம் இல்லாத பிரதி அது. கூடவே வைரஸ் வந்தாலும் கேட்க ஆளில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. டேலி, ஆட்டோகேட் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடா. சில இணையவழித் தேர்வு மென்பொருள்களும் விண்டோஸைத்தான் கேட்கும். பி.காம், சிவில் பிள்ளைகள் முதலில் கல்லூரியில் விசாரியுங்கள். தேவைப்பட்டால் எட்டாம் தலைமுறைக்கு மேல் உரிமத்தோடு வாங்கி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கணினி அறிவியல் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பைத்தான், சி, ஜாவா எல்லாம் லினக்ஸில் விலையின்றிக் கிடைக்கும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

பென்டிரைவ் தயாரிக்க 4 ஜிபி இருந்தாலே போதும், 8 ஜிபி என்றால் வசதி. அதில் இருப்பது அழிந்துவிடும், ஆகவே கல்யாணப் படங்கள் உள்ள பென்டிரைவைக் கொண்டுவராதீர்கள்.