படுக்கையருகே வளரும் அறிவு
குழித்துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ அந்த அம்மையார் அரசு மருத்துவமனை வார்டுகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நர்ஸம்மா என்றால்தான் இந்த வட்டாரத்தில் தெரியும். எனக்கு முன் பேசியவர்கள் அவருடைய பொறுமையையும் இரக்கத்தையும் மனம் நெகிழச் சொன்னார்கள். அவ்வளவும் உண்மை. அவருடைய அறிவைப் பற்றி யாரும் பேசவில்லை. நர்ஸ்களைப் பாராட்டும் மேடைகளில் வழக்கமாக விடுபட்டுப்போவது அதுதான். அப்படி விடுபடுவதால் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

மூச்சை எண்ணும் வேலையை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கும் இருக்கிறது, ஆக்சிஜன் அளவை விரல்நுனியிலேயே பார்த்துவிடலாம். மூச்சுக்கு மட்டும் நம் பொது வார்டுகளில் நர்ஸின் கண்ணும் கைக்கடிகாரமும்தான். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 40 பேர் படுத்திருக்கும் வார்டில் ஒரு சுற்று வர இதற்கு மட்டுமே 40 நிமிடம் பிடிக்கும். இரண்டு நர்ஸ் இருக்கும் இரவில் இது நடக்குமா? கேஸ் ஷீட்டைப் புரட்டினால், எண்ணாமலே வரிசையாக 20, 20, 20 என்று எழுதியிருக்கும். நர்சிங் டியூட்டராக இருந்த காலமெல்லாம் இந்த 20-ஐப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். நிமோனியாவோ, ரத்தத்தில் கிருமி பரவுவதோ, உள்ளே ரத்தக் கசிவோ, உடல் நிலைகுலையத் தொடங்கும்போது மற்ற அளவுகளுக்கு முன்னால் பெரும்பாலும் மாறுவது மூச்சுதான்.

பிரிட்டனில் 2012-இல் ராயல் மருத்துவர் கல்லூரி ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறையை வகுத்தது. மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 என்றால் இரண்டு. 25-ஐத் தொட்டால் மூன்று; வேறெந்த அளவும் மாறாவிட்டாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுபவர் நர்ஸ். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அந்த நாட்டு வார்டுகளில் தினமும் இதைச் செய்கிறார்கள். அதே பிள்ளை இங்கே இரவு 2 மணிக்கு டாக்டரை எழுப்பினால், “இதுக்கெல்லாமா எழுப்புவ?” என்று கேட்கிறார்கள். எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. எண்ணியதை நம்பிக் குரல் கொடுக்கும் துணிவும், அதைக் கேட்கும் அமைப்பும் வேண்டும்.

பிரசவ அறைக்கு வாருங்கள். குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது, வெளியே உறவினர் மிட்டாய் வாங்கப் போயாகிவிட்டது. நர்ஸுக்கு அப்போதுதான் கவலையான நேரம் தொடங்குகிறது. அடுத்த இரண்டு மணி நேரம், கால் மணிக்கொரு முறை தாயின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை சுருங்கி, உரித்த தேங்காய் போலக் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழகொழவென்று இருந்தால் உள்ளே ரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கின்றன என்று பொருள். உடனே தேய்த்துவிட வேண்டும், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா பார்க்க வேண்டும், ஆக்சிடோசின் ஓடுகிறதா பார்க்க வேண்டும், மருத்துவரை அழைக்க வேண்டும். பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இந்த ரத்தப்போக்கு. ஒரு சுற்றுப் பார்வை தவறினால் ஒரு தாய் போய்விடலாம். கவனித்து ஒழுங்காகப் பார்த்துவிட்டால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

இந்த அறிவு நம் மண்ணுக்கு வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழித்துறை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது. பக்கத்தில் நெய்யூரில் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்டு சாமர்வெல் 1920-களில் அங்கே வந்து அறுவை மருத்துவராகத் தங்கிவிட்டதை நம் தாத்தா பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். மருத்துவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. இரவெல்லாம் அந்த நோயாளிகளோடு விழித்திருந்த உள்ளூர்ப் பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. 1906-இல் சுவிட்சர்லாந்திலிருந்து திருச்சிலுவைச் சபைக் கன்னியர் திருவனந்தபுரம் பொது மருத்துவமனைக்கு நர்ஸுகளாக வந்தார்கள். யார் யாரைத் தொடலாம் என்று ஊரே கணக்குப் பார்த்த காலம் அது. பிறர் உடம்பைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்குப் பெண்ணை அனுப்பப் பல வீடுகள் அஞ்சின. போன பெண்ணுக்கு வரன் பேசவும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டி முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் பட்ட ஏச்சின் மேல்தான் இன்றைய மதிப்பு நிற்கிறது.

நர்சிங் ஒரு கல்வியாக உருவெடுத்தது அதற்கு முன்பே. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பமானது. சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926-இல் வந்தது. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து அதே ஆண்டு வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை சொன்னது என்ன தெரியுமா? பிரிக்கப்படாத இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். மறு ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தப் பஞ்சமும் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டங்கள் வந்தன, கல்லூரிகளும் வந்தன. நம் மாவட்டத்தில் பேருந்தில் போனாலே பெயர்ப்பலகைகள் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருகிறது. நர்சிங்கின் முதுகெலும்பு என்று நாம் கற்பிப்பது ஐந்து படிகள்: நோயாளியை ஆராய்தல், பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடல், செய்தல், செய்தது பலித்ததா என்று மதிப்பிடல். பக்கவாதத்தில் படுத்த பெரியவர் ஒருவருக்கு முதுகின் அடியில் தோல் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அங்கேயே படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுவது, ஈரம் தங்காமல் பார்ப்பது, சாப்பாட்டில் புரதம் சேர்வது, மறுநாள் அந்தச் சிவப்பை மறுபடி பார்ப்பது என்று திட்டம் விரிய வேண்டும். மாணவி என்ன செய்கிறாள்? போன பேட்ச் அக்காவின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, இல்லாத நோயாளிக்கு அழகான கையெழுத்தில் கேர் பிளான் எழுதுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கு நோயாளியே கிடைக்காத இடத்தில் அவள் வேறென்ன செய்வாள்?

வேலைக்குப் போன பிறகு நிலைமை தலைகீழ். நோயாளி அளவுக்கு மீறிக் கிடைக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றப் பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இந்த அளவுகோலை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2002-இல் வெளியிட்டது. அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஆள் குறைப்பதால் மிச்சமாகும் பணத்துக்கு யாரோ உயிரால் விலை கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தக் குறையை மறைப்பவர்கள் துணைக்கு நிற்கும் உறவினர்கள். டிரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறதா என்று கண்விழித்துப் பார்ப்பது, மூத்திரப் பையின் அளவைச் சொல்வது, புரட்டிவிடுவது எல்லாம் தங்கையோ மருமகளோ செய்கிறார். துணைக்கு ஆளில்லாத கிழவியின் படுக்கை மட்டும் நனைந்தே கிடக்கிறது. அவரைப் பார்த்தால்தான் அந்த வார்டில் உண்மையில் எத்தனை நர்ஸ் வேண்டும் என்பது தெரியும்.

சம்பளத்தைப் பேசாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்ஸுகளின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் உள்ளவை அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்த அவையில் இருக்கும் இளம் நர்ஸுகள் தங்கள் கைக்கு வருவதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு, பிள்ளைகள் ஏன் வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள் என்று யாரும் மேடையில் கேட்க வேண்டாம். கடன் வாங்கிப் படித்தவர்கள் போகத்தான் செய்வார்கள், போகட்டும். பத்தாண்டு கழித்து அவர்கள் கற்றதோடு திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள இங்கே தகுந்த பதவி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பெற்றோர் பலர் வந்திருக்கிறீர்கள். மகளையோ மகனையோ நர்சிங்கில் சேர்க்கும் முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பேருந்து வசதியைப் பார்க்காதீர்கள். கல்லூரியின் சொந்த மருத்துவமனைக்கு நேரில் போங்கள். முற்பகல் 11 மணிக்குப் போய் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மாணவிக்கு 3 நோயாளி வீதம் கிடைக்க வேண்டும் என்பது விதி. கிடைக்குமா என்று முதல்வரிடம் கேளுங்கள். வார்டில் பிள்ளைகளோடு டியூட்டர் நிற்கிறாரா, அலுவலக அறையில் இருக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, போன வாரம் பார்த்த நோயாளியைப் பற்றிச் சொல்லம்மா என்று கேளுங்கள். அவள் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்துகிறாளா, அந்த மனிதர் இரவு தூங்கினாரா, எவ்வளவு சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று சொல்கிறாளா என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.