கிணற்றைத் தூர்க்காதீர்கள்



சென்னை மயிலாப்பூரில் 7 குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். எல்லோருக்கும் ஒரே கிணறு. விடியற்காலையில் ஜகடை சத்தத்தை வைத்தே யார் இறைக்கிறார்கள் என்று அம்மா சொல்லிவிடுவாள். ஒரு வீட்டுச் சத்தம் கேட்காவிட்டால், "மாமிக்கு உடம்பு முடியலையோ?" என்று போய்ப் பார்ப்பாள். கயிறு அறுந்து வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி வேண்டும். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் அது உண்டு. ஒரு செம்பை ஈடு வைத்துத்தான் வாங்கி வருவோம். கரண்டியோடு வேடிக்கை பார்க்க நாலு பேரும் வருவார்கள். வாளி மேலே வருவதற்குள் ஒரு வரன் பேசி முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாத்திரம் தேய்க்க வந்த பெண்மணி அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. நாங்கள் இறைத்து ஊற்றுவோம், அவர் தள்ளி நின்று குடத்தில் வாங்கிக்கொள்வார். கிராமத்துப் பொதுக்கிணற்றில் சாதியின் பேரால் நடந்த அதே கொடுமைதான் எங்கள் முற்றத்திலும் நடந்தது. தெருக்குழாய் வந்த பிறகு அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தண்ணீர் பிடித்தார். அதனால் குழாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

குழாய் வந்ததும் கிணற்றைத் தூர்த்தோமே, அதுதான் தப்பு. மயிலாப்பூரிலிருந்து அடையாறு, பெசன்ட் நகர் வரை கடலோரம் மணல் பூமி. பெய்த மழை உடனே இறங்கி, அதிக ஆழமில்லாமலே நல்ல தண்ணீராக நிற்கும். போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் பல வருஷமாக வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லி வருகிறார்: மொட்டைமாடி மழைத்தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள் என்று. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆனால் கிணற்றை மூடுவது நிற்கவில்லை. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டின.

உங்களில் பலருக்கு மயிலாப்பூரிலோ தி.நகரிலோ தாத்தா கட்டிய வீடு இருக்கும். அதை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டர் அனுப்பும் ஒப்பந்தத்தில் வெளியூரில் இருந்தபடியே கையெழுத்துப் போடுகிறீர்கள். கிணற்றை விட்டுவைத்தால் ஒரு கார் நிறுத்தும் இடம் குறையும் என்பார்கள். குறையட்டும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கிணற்றைத் தூர்க்கக் கூடாது, மாடியில் விழும் மழை அதற்குள் போக வேண்டும், காவலாளி முதல் வீட்டுவேலைக்கு வருபவர் வரை எல்லோரும் அதில் இறைக்கலாம்.