இழந்த காலும் இழக்காத ஆடலும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



உடலை ஓம்புதல் பற்றிப் பேசுவோர் பலர். நீங்காத ஊனமோ வலியோ நேர்ந்தபின் அவ்வுடலை எவ்வாறு இயக்குவது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மருத்துவர் சொன்ன பயிற்சியைப் பத்து நாள் செய்து, பதினோராம் நாள் கைவிடுவது பல இல்லங்களில் காணும் காட்சி. அதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. மனம் ஒன்றாமையே பெருங்காரணம்.

இதற்கு விடைகூறும் வாழ்வு நடனக் கலைஞர் சுதா சந்திரனுடையது. இளமையிலேயே பரதம் பயின்ற அவர், 1981 மே மாதம் திருச்சிராப்பள்ளி அருகே விபத்துக்குள்ளானார். காயம் அழுகியதால் வலக்கால் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டது. பதின்பருவம் முடியுமுன் நேர்ந்த இழப்பு அது.

அவர்க்குத் துணைநின்றது ஜெய்ப்பூர்க் கால். கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960களின் இறுதியில் அதனை உருவாக்கினர். அதற்குமுன் கிடைத்த மேனாட்டுச் செயற்கைக் கால் காலணிக்குள் அடங்குவது. அதனை அணிந்து குந்தவோ, சம்மணமிடவோ, வெறுங்காலுடன் சேற்றில் நடக்கவோ இயலாது. தஞ்சைத் தரணியில் நாற்றங்காலில் இறங்கும் உழவர்க்கு அதனால் என்ன பயன்? ஜெய்ப்பூர்க் காலோ பாத வடிவிலேயே இரப்பரால் ஆனது; வளைந்து கொடுப்பது; நீரில் நனைந்தாலும் கெடாதது. 1975இல் டி.ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் நிறுவிய, பகவான் மகாவீரரின் பெயர் தாங்கிய தொண்டமைப்பு இதனை விலையின்றி வழங்கிவருகிறது. நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானத்தையும் வைத்துப் போற்றும் மரபினர்க்கு இது மகிழ்வூட்டும் செய்தியன்றோ?

1981இல் சேத்தி மகசேசே விருது பெற்ற செய்தியைப் படித்தே சுதா அவரை நாடினார். கால் கிடைத்தது; ஆடல் உடனே கிடைக்கவில்லை. அரைமண்டிக்கு முழங்கால் மடங்க வேண்டும்; தட்டடவுக்கு உள்ளங்கால் நிலத்தை அறைய வேண்டும். பொருத்திய காலுக்கோ தரையின் தொடுவுணர்வு இல்லை. வலியும் குருதிக் கசிவும் வந்தன. எனினும், 1984 சனவரியில் மும்பை மேடையில் மீண்டும் ஆடினார். பின்னர், தம் வாழ்வைத் தழுவிய ‘மயூரி’ என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் தாமே நடித்தார்.

அவர் மீட்டுக்கொண்ட ஆடல் தஞ்சை மண்ணோடு உறவுடையது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய கச்சேரி முறையே இன்றும் பரத மேடையில் வழங்குகிறது.

இங்கு உணரத்தக்கது ஒன்று. வலிமை பெறுவதற்காக அவர் ஆடவில்லை. ஆடுவதற்காகவே வலிமை தேடினார். விருப்பம் முன்னே சென்றது. உடல் பின்னே நடந்தது.

அவர் தாங்கிய வலியை எல்லாரும் தாங்க வேண்டும் என்பதன்று. முழங்கால் தேய்ந்த பாட்டியார் நாற்காலியில் அமர்ந்தபடியே கும்மிப் பாட்டுக்குக் கைகொட்டித் தோளசைக்கலாம். நெடுந்தொலைவு நடக்க இயலாத பெரியவர், கரந்தையிலோ மன்னார்குடியிலோ தீபங்குடியிலோ, ஜினாலயத் திருச்சுற்றை இளவெயிலில் இயன்ற அளவு வலம்வரலாம். குனிய இயலாதோர் உயரத் தொட்டிகளில் செடி வளர்க்கலாம். எது தகும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. வலி மிகுமாயின் நிறுத்துதல் கடன்.

இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், ‘பயிற்சி செய்தீர்களா?’ என்று நாள்தோறும் வினவுவதினும், ‘உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் அதனை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.