வெண்பாக்கத்து ஊன்றுகோல்

(திருப்பாச்சூரிற் கூடிய நம்மவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துன்பம் வந்துற்ற காலத்தில் இறைவன் எங்கே இருக்கின்றான் என்பது நம்மில் யாவரும் ஒருகாற் கேட்ட கேள்வியே. விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வாசீசுவரப் பெருமான் எழுந்தருளியுள்ள இவ்வூர்க்கு அணித்தே, பூண்டியில், திருவெண்பாக்கம் என்னும் பாடல்பெற்ற தலம் உளது.

சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரிற் சூளுரைத்த சுந்தரமூர்த்தி நாயனார், அச்சூளைப் பிழைத்து ஊரெல்லை கடந்தவுடன் இருகண்ணும் ஒளியிழந்தார். வழிதடவி வந்து வெண்பாக்கத்துச் சந்நிதியில் நின்று, பெருமானே, நீர் கோயிலுள்ளே இருக்கின்றீரோ என்று வினவினார். பிழை அவருடையதே, ஆயினும் வினவும் உரிமையை அவர் விட்டாரில்லை. இருப்பதாகவும், அவர் மேலே செல்லலாம் என்றும் விடை வந்தது. அயலார் மொழிவது போன்றதொரு விடை! கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. அவர் வெகுண்டு அக்கோலை வீச நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. அவ்வெகுளியை மறைக்காமற் போற்றிவைத்த நம் முன்னோரை யாம் மிகவும் மெச்சுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் எம் மகனை இழந்தோம். எல்லாம் நன்மைக்கே என்று பலர் வந்து தேற்றினர். அவர்தம் உள்ளம் நல்லதே. சொல்லோ எம்மைச் சுட்டது. பூசையறைக் கதவைப் பல திங்கள் திறவாதிருந்தோம். முதியவர் ஒருவர் மட்டும் யாதொன்றும் பேசாது மாலைதோறும் வந்து திண்ணையில் எம்முடன் அமர்ந்து செல்வார். வெண்பாக்கத்து ஊன்றுகோல் யாதென்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

அத்தலத்துப் பெருமானும் இடம்பெயர நேர்ந்தது. சென்னை நகரத்தார்க்குக் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டி 1944-இல் முடிந்த நீர்த்தேக்கத்துள் பழங்கோயில் இருந்த நிலம் மூழ்கிற்று. வேறிடத்தே கோயில் எழுந்தது. ஊன்றீசுவரர் என்ற திருநாமம் மாறவில்லை.

நாயனார் அக்கோலுடன் திருவாலங்காட்டு வழியே சென்று காஞ்சியில் இடக்கண் பெற்றார். வலக்கண் பெற்றது திருவாரூரில். இடைப்பட்ட வழி சிறிதன்று. யாம் இன்னும் காஞ்சியை எட்டினோமில்லை. பூசையறைக் கதவு இப்பொழுது திறந்திருக்கின்றது. அம்முதியவரும் மாலைதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றார்.