பிள்ளைகளுக்கும் ஒரு கணக்குப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சு இவ்வளவு பேர் முன்னாடி பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என்னை ஆடு வளர்ப்புக் கடன் பத்தித்தான் பேசச் சொன்னாங்க. நான்தான் வேற விஷயம் பேசுறேன்னு கேட்டு வாங்கினேன். கஞ்சா பழகி, போலீஸ் கையில மாட்டுற நம்ம பிள்ளைங்களைப் பத்தி.

என்னை அத்தைன்னு கூப்பிடுற ஒரு பையன். வயசு 16. பேரும் ஊரும் சொல்லமாட்டேன். அப்படிப் பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அவங்க அம்மா எங்க குழு உறுப்பினர். பையன் பழக்கத்துல விழுந்ததும் குழுவில உள்கடன் 20,000 ரூபாய் கேட்டாங்க. ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துல சேர்க்கணும்னாங்க. நான் அப்போ ஊக்குநர். தீர்மானப் புத்தகத்துல ‘வைத்தியச் செலவு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாடு வாங்கக் கடன் கேட்டா எத்தனை கேள்வி கேட்போம்? எத்தனை ஈத்து, எவ்வளவு கறக்கும், யார் பார்த்துக்குவாங்க? இதுக்கு ஒரு கேள்வியும் கேட்கல. அது என் தப்பு.

45 நாள் உள்ளே. யாரும் போய்ப் பார்க்கக் கூடாதுன்னுட்டாங்க. வெளியே வரும்போது கையில தழும்பு. யார்கூடவும் பேசல. இருபது நாள்ல பழையபடி ஆயிட்டான். அங்கே பெரிய ஆளுங்களோட ஒரே ஹால்ல படுக்க வச்சிருந்தாங்களாம். கஞ்சா மட்டும் தெரிஞ்ச பிள்ளை, போதை மாத்திரையைப் பத்தி அங்கேதான் கத்துக்கிட்டு வந்தான்.

கொஞ்ச நாள்ல சின்னப் பொட்டலத்தோட போலீஸ்ல மாட்டினான். அவங்க அம்மா ராத்திரி என் வீட்டு வாசல்ல வந்து உட்கார்ந்துட்டாங்க. “இனி ஜெயில்தான், இவன் வாழ்க்கை போச்சு”ன்னு அழுதாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியல. பயிற்சிக்குப் போயிட்டு வந்த ஒரு அக்காதான் 1098-க்குப் போன் போட்டாங்க.

அப்புறம்தான் தெரிஞ்சது. 18 வயசு ஆகாத பிள்ளையை லாக்கப்புல வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்துல ஆஜர்படுத்தணும். அங்கே ஒரு மாஜிஸ்ட்ரேட்டும், ரெண்டு சமூகப் பணியாளரும் இருப்பாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் அதோட விதிகளும் இப்படிச் சொல்லுது.

நானும் துணைக்குப் போனேன். கூண்டு இருக்கும்னு நினைச்சேன், இல்லை. அந்த அம்மா முதல்ல “சாப்பிட்டியா தம்பி?”ன்னு கேட்டாங்க. பையன் அப்பத்தான் அழுதான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரிச்சு அறிக்கை கொடுத்தார். தாயோட பொறுப்புல வீட்டிலேயே இருக்கணும், வாரா வாரம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகணும், அலுவலரைப் பார்க்கணும்னு உத்தரவு ஆச்சு.

மூணாவது மாசம் மறுபடி ஒரு தடவை தொட்டுட்டான். மறைச்சிடுவோம்னு அவங்க அம்மா சொன்னாங்க. நானும் ஆமான்னுதான் சொன்னேன். பையனே போய்ச் சொல்லிட்டான். உடனே தூக்கி உள்ளே போடுவாங்கன்னு பயந்தோம். டாக்டர் “என்னிக்கு, யாரோட?”ன்னு கேட்டார். சனிக்கிழமை, ஒர்க்‌ஷாப்புல கூலி கையில வந்ததும். அதுக்கப்புறம் கூலியைத் திங்கட்கிழமை அம்மா கையில கொடுக்கச் சொல்லி ஏற்பாடு பண்ணாங்க. இப்போ ஒரு வருஷம் தாண்டிடுச்சு. ஐ.டி.ஐ. போறான்.

ஆனா அக்கா, ஒரு பையன் தேறிட்டான்னு ஏற்பாடே நல்ல ஏற்பாடுன்னு சொல்லிட முடியாது. ஒரு மாடு நல்லாக் கறந்தா மாட்டுக்கடன் திட்டமே ஜெயிச்சதுன்னு பேங்க் மேனேஜர் எழுதிக்குவாரா? எல்லாக் கணக்கும் பார்க்கணும்.

பயிற்சியில வக்கீல் மேடம் ஒண்ணு சொன்னாங்க. அமெரிக்காவுல மயாமியில 1989-ல போதைக்கு அடிமையானவங்களுக்குன்னு தனி கோர்ட் ஆரம்பிச்சாங்களாம். ஜட்ஜ் அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார், சிறுநீர் பரிசோதனை, சிகிச்சை. ஒழுங்கா முடிச்சா வழக்கு தள்ளுபடியாகும், இல்லைன்னா தண்டனை குறையும். அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி வச்சாங்க. போனவங்களையும் போகாதவங்களையும் பக்கத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாங்க. பெரியவங்க மறுபடி குற்றத்துல விழுறது நல்லாவே குறைஞ்சிருந்தது. பிள்ளைங்ககிட்ட அந்த அளவுக்குப் பலன் தெரியல. பெரியவங்களுக்குத் தச்ச சட்டை பிள்ளைக்குச் சேராதுல்ல? பிள்ளைக்கு வீடு, பள்ளிக்கூடம், சிநேகிதம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். எனக்குப் பட்டது என்னன்னா, அவங்க ஆரம்பிச்சதோட விடல, பலிச்சதான்னு எண்ணிப் பார்த்தாங்க. நாமும் எண்ணணும்.

எண்ணுறது நமக்குப் புதுசா? பஞ்சசூத்திரம் வச்சுத்தானே நம்ம குழுவுக்கு கிரேடிங் போடுறாங்க? ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துறது, கணக்குப் புத்தகம். அதே மாதிரி பிள்ளையைச் சேர்க்கிற இடத்துக்கும் அஞ்சு கேள்வி வச்சிருக்கேன்.

ஒண்ணு, உரிமம் இருக்கா? மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணிருக்காங்களா?

ரெண்டு, பிள்ளைங்களைப் பெரியவங்களோட கலந்து வைக்கிறாங்களா? 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி தனியா வைக்கணும். சங்கிலி போடுறதும் சட்டப்படி தப்பு.

மூணு, பெத்தவங்க பார்க்கலாமா? பார்க்க விடாத இடத்துக்குப் பைசா கொடுக்காதீங்க.

நாலு, மறுபடி தொட்டா என்ன செய்வாங்க? அடிப்பாங்களா, காரணம் கேட்பாங்களா?

அஞ்சு, வீட்டுக்கு அனுப்பின பிறகு யார் பார்ப்பாங்க? எத்தனை பேரைச் சேர்த்தோம்னு பெருமையாச் சொல்வாங்க. நாம கேட்க வேண்டியது, எத்தனை பேர் முழுசா முடிச்சாங்க, ஆறு மாசம் கழிச்சு எத்தனை பேர் வேலைக்கோ படிப்புக்கோ போறாங்க. கடன் கொடுத்த கணக்கை மட்டும் பார்த்து நமக்கு கிரேடிங் போடுவாங்களா? திருப்பிக் கட்டின கணக்கைத்தானே பார்ப்பாங்க!

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. 14446-னு இலவச எண் இருக்கு, போதைப் பழக்கத்துக்கு வழி சொல்வாங்க. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போறதுல கேவலம் ஒண்ணுமில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில இலவசமா வச்சுத் தருவாங்க. பிள்ளைகிட்ட போதைப் பொருளைக் கொடுத்தாலோ, பிள்ளையை வச்சு வித்தாலோ, அந்த ஆளுக்கு 7 வருஷம் வரை ஜெயிலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. நாம பிள்ளையைத்தான் திட்டுறோம். வித்தவன் டீக்கடையில உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். மறுவாழ்வு மையத்துக்குன்னு யாராவது கடன் கேட்டா, கொடுக்காம இருந்துடாதீங்க. முதல்ல அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியார் இடம்தான்னா ரெண்டு உறுப்பினர் நேர்ல போய் இந்த அஞ்சு கேள்வியும் கேட்டுட்டு வரட்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதட்டும். பிள்ளை பேரு மட்டும் அதுல வேண்டாம்.

அந்த 20,000 ரூபாய்க் கடன்ல இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு. பலிக்காத வைத்தியத்துக்கு அந்தத் தாய் வட்டியோட கட்டிக்கிட்டு வராங்க, ஒரு மாசம்கூடத் தப்பினதில்லை. இன்னொரு தாய் அப்படிக் கட்ட வேண்டாம்னுதான் இதைப் பேசினேன்.