அத்தாட்சிப் பத்திரமும் வெற்றுத் தோட்டாக்களும்



பிறநாட்டுக்கு ஆயுதம் வழங்கும் வல்லரசு, அவ்வாயுதம் எவர்மீது பாய்கிறது என்பதற்குப் பொறுப்பாளியா? பொறுப்பாளியே என்று ஏட்டில் எழுதிவைத்த சட்டமொன்று அமெரிக்காவில் இருந்தது. அது பொய்த்த கதையையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

1981ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடாகிய எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அந்நாட்டு இராணுவத்துக்கு வாசிங்டன் பணமும் துப்பாக்கியும் பயிற்சியும் அளித்தது. படுகொலைச் செய்திகளால் கலங்கிய காங்கிரஸ் சபை ஒரு நிபந்தனை விதித்தது. மனித உரிமைகளைப் பேண அந்த அரசாங்கம் மெய்யாக முயல்கிறது என்று ஜனாதிபதி 180 நாட்களுக்கு ஒருமுறை அத்தாட்சி அளித்தாலன்றி உதவி தொடரலாகாது! கேட்க இனிமையான சட்டம். ஆனால் அத்தாட்சி அளிப்பவர் யார்? ஆயுதம் கொடுப்பவரே! தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டம் பயிலும் முதலாண்டு மாணவனும் அறிந்த விதியல்லவா?

அவ்வாண்டு டிசெம்பரில், அமெரிக்க ஆலோசகர்களிடம் பயிற்சி பெற்ற அற்லகற்ல் படைப்பிரிவு எல் மொசோற்றே என்னும் கிராமத்துள் புகுந்தது. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களைக் கொன்றார்கள், குழந்தைகளையும் விட்டார்களில்லை. 1982 ஜனவரி 27இல் இரண்டு பெரும் அமெரிக்கப் பத்திரிகைகள், கொலைக்களத்தை நேரிற் கண்ட நிருபர்களின் செய்தியை வெளியிட்டன. மறுநாளே ஜனாதிபதி றீகனின் அத்தாட்சி காங்கிரசுக்குப் போய்ச் சேர்ந்தது!

அரசாங்கப் படைகள் பொதுமக்களைத் திட்டமிட்டுக் கொன்றன என்பதை உறுதிசெய்யும் சான்றில்லை என்று பின்னர் ஓர் உயர் அதிகாரி காங்கிரஸ் குழுவின்முன் கூறினார். விசாரிக்கச் சென்ற தூதரக அதிகாரிகளோ கிராமத்துள் கால்வைக்கவே இல்லை. தேடாதவன் "காணவில்லை" என்பது சாட்சியமா? குறுக்கு விசாரணையில் அது ஒரு நிமிடம் நிற்குமா?

1992இல் அக்கிராமத்துத் தேவாலயத்தை அடுத்திருந்த கட்டிடத்தின் இடிபாட்டைத் தோண்டினார்கள். 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் 131 பேர் 12 வயது நிரம்பாத குழந்தைகள். ஆராயப்பட்ட வெற்றுத் தோட்டாக்கள் 245. அவற்றுள் முத்திரை தெளிவாயிருந்த 184உம் அமெரிக்க அரசாங்கத்துக்காக மிசூறி மாநிலத்து லேக் சிற்றியில் செய்யப்பட்டவை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் அமைந்த உண்மை ஆணைக்குழு 1993இல் இதனைப் பதிவு செய்தது.

அத்தாட்சி என்னவாயிற்று? மேலும் மூன்று முறை தவறாது அளிக்கப்பட்டது. 1983 நவம்பரில், நிபந்தனையை நீடிக்கும் மசோதாவுக்கு றீகன் ஒப்பமிடவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் வழக்காடினார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. ஆனால் 1987இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், மசோதாவின் காலமே கடந்துவிட்டது, இனித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்தது. சட்டம் பயின்ற நமக்கே இது கசக்கிறது.

1997இல் செனற்றர் லேகி கொண்டுவந்த சட்டம் ஒருபடி மேலானது. மனித உரிமைகளைக் கொடூரமாக மீறிய படைப்பிரிவுக்கு உதவியில்லை என்கிறது. எனினும் தகவல் நம்பத்தக்கதா என்று தீர்மானிப்பது இன்றும் வெளிவிவகாரத் திணைக்களமே. அத்தீர்மானம் ஆயுதம் கொடுப்பவர் கையில் இருத்தலாகாது என்பதும், பாதிக்கப்பட்டோர் அதனை எதிர்த்து நீதிமன்றம் ஏற வழி வேண்டும் என்பதுமே நமது கோரிக்கை. எல் மொசோற்றேயில் உயிர்தப்பிய றூபினா அமாயா என்னும் தாய், சில வாரங்களுக்குள்ளேயே நிருபர்களிடம் நடந்ததைக் கூறிவிட்டார். அத்தாட்சி எழுதியவர்கள் அவரை அழைத்துக் கேட்கவில்லை. எல் சல்வடோர் நீதிமன்றத்தில் முறைப்பாடு பதிவானதோ 1990இல்.